பார்படாஸில் ஒரே நாள்: எந்தக் கரையைப் பார்ப்பது, எந்தக் கரையில் குளிப்பது?

மணல்வீடு:

வணக்கம். ஜனவரி நடுவில் பார்படாஸில் ஒரு முழு நாள் கையில் இருக்கிறது, வார நாள். தங்குவது தென்கரையில், செயின்ட் லாரன்ஸ் கேப் பக்கம். நான்கு பேர்: நாங்கள் இருவர், பத்து வயது மகன், 68 வயதில் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்குவது சிரமம். மகனுக்கு நீச்சல் தெரியும், ஆனால் குளத்தில் பழகிய நீச்சல்தான்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் திட்டம்: காலை 9 மணிக்கு கார்லைல் விரிகுடாவில் ஆமை பார்ப்பது, அடுத்து ஹாரிசன்ஸ் குகை, மதியம் வடமுனையில் அனிமல் ஃப்ளவர் குகை, மாலை பாத்ஷீபாவில் கடல் குளியல், அங்கேயே சூரிய அஸ்தமனம். தீவின் நீளமே 34 கி.மீ.தான் என்பதால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. சரிவருமா? கார் எடுப்பதா, பஸ்ஸே போதுமா?

தென்கரை:

திட்டத்தை அப்படியே தலைகீழாத் திருப்பிப் போடுங்க. பாத்ஷீபா கிழக்குக் கரை. சூரியன் அங்கே கடல்ல மறையாது, உங்க முதுகுப் பக்கம் இருக்கிற மலைக்குப் பின்னாடி போயிடும். சாயங்காலத்துக்கு ரொம்ப முன்னாடியே மலை நிழல் கரையில விழுந்துடும். அஸ்தமனம் பார்க்கணும்னா மேற்குக் கரைக்கு வந்துடணும். ஜனவரி நடுவுல சூரியன் 5:50 வாக்கில் மறையும், அதுக்கப்புறம் இருபது, இருபத்தஞ்சு நிமிஷத்துல நல்லா இருட்டிடும்.

அதைவிட முக்கியம்: பாத்ஷீபாவுல கடல் குளியல் கிடையாது. பார்படாஸ்ல காற்று வருஷம் முழுக்கப் பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வீசும். கிழக்கே ஆப்பிரிக்கா வரைக்கும் நிலமே இல்லை, அத்தனை தூரம் உருண்டு வந்த அலை நேரா இந்தக் கரையிலதான் வந்து மோதுது. 'சூப் பவுல்'னு சொல்ற அலைச்சறுக்கு இடம் இங்கே இருக்கிறதுக்கும் அதுதான் காரணம். அடியில பவளப்பாறை, நடுநடுவே கடலுக்குள்ள இழுக்கிற நீரோட்டம். குளத்து நீச்சல் இங்கே உதவாது, பெரியவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பையனுக்கு ஏமாற்றமா இருக்க வேண்டாம், அதுக்கும் வழி இருக்கு. கடல் வத்தற நேரத்துல பாறைகளுக்கு நடுவுல ஆழமில்லாத குட்டைகள் அமையும். வெளியே இருக்கிற பாறை அலையைத் தடுத்துடும், உள்ளே முழங்கால், இடுப்பளவு தண்ணிதான். உட்கார்ந்து ஊறலாம். இங்கே கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், இருந்தாலும் குட்டை அமையறதுக்கு அது போதும். அன்னைக்கு நீர் வத்தற நேரத்தை முதல் நாளே பார்த்து வெச்சுக்கங்க. ரப்பர் செருப்பு பத்தாது, காலை முழுக்க மூடற கடல் ஷூ வேணும். பாறை இடுக்குல கறுப்பா நீள முள்ளோட கடல்முள்ளெலி இருக்கும், மிதிச்சா முள் உள்ளேயே ஒடிஞ்சு நின்னுடும்.

அந்தக் காளான் வடிவப் பாறைகளைக் கொஞ்சம் நின்னு பாருங்க. பழைய பவளத் திட்டிலிருந்து பிரிஞ்ச பாளங்கள் அவை. அலை அடிப்பக்கத்தைச் சுத்திச் சுத்தி அரிச்சு, மேலே குடையும் கீழே காம்புமா ஆயிடுச்சு. காம்பு அவ்வளவு மெலிஞ்சிருக்கும். பாறை மேல ஏற விடாதீங்க.

தூரக் கணக்கு: 34 கி.மீ.ன்னு நினைச்சு ஏமாந்துடக் கூடாது. உள்நாட்டுச் சாலை குறுகல், ரெண்டு பக்கமும் கரும்பு வளர்ந்து வளைவை மறைச்சு நிக்கும். தலைநகர் பிரிட்ஜ்டவுன்லேருந்து பாத்ஷீபா 20 கி.மீ. சுமார்தான், ஆனா முக்கால் மணி நேரம் வெச்சுக்கங்க. பாத்ஷீபாவிலிருந்து வடமுனைக்கு நிக்காம ஓட்டினாலே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அங்கிருந்து மேற்குக் கரையில இருக்கிற ஸ்பைட்ஸ்டவுன் 20 நிமிஷம், ஸ்பைட்ஸ்டவுன்லேருந்து அதே கரையில ஹோல்டவுன் இன்னொரு 20. ஹோல்டவுன்லேருந்து பிரிட்ஜ்டவுன் 25 நிமிஷ வழிதான், சாயங்காலம் 4 மணிக்கு மேல போனா 40 ஆகும்.

அதனால ரெண்டு குகையில ஒண்ணை விட்டுடுங்க. ரெண்டும் போனீங்கன்னா நாள் முழுக்க வண்டியிலயே போயிடும்.

நீரோட்டம்:

தென்கரை சொன்ன வரிசை சரியே. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். 'கிழக்கு கொந்தளிக்கும், மேற்கு குளம் போல இருக்கும்' என்பது வருடத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். ஜனவரிக்கு அதை அப்படியே நம்ப முடியாது.

டிசம்பர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் எழும் புயல்களின் அலைகள் பல நாள் பயணம் செய்து இந்தத் தீவின் வடக்கு, மேற்குக் கரைகளுக்கு வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, புயலின் அறிகுறியே தெரியாது. ஆனால் மேற்குக் கரையில் அலை மணலின் மீதே செங்குத்தாக எழுந்து உடையும். கரை சட்டென்று ஆழமாகும் இடங்களில் முழங்கால் தண்ணீரில் நிற்பவரைக்கூடத் தலைகுப்புற அடித்துத் தள்ளும். தண்ணீரும் மணலோடு கலங்கிவிடும், ஆமை இரண்டு மீட்டர் தள்ளி நீந்தினாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. அலைச்சறுக்கு செய்பவர்களுக்கான எந்த முன்னறிவிப்புத் தளத்தையும் திறந்து மூன்று எண்களைப் பாருங்கள்: அலையின் உயரம், திசை, இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நொடிகள். கிழக்கிலிருந்து 7, 8 நொடி இடைவெளியில் வருவது வழக்கமான காற்றலை, அதனால் மேற்குக் கரைக்குப் பாதிப்பில்லை. வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ 12 நொடிக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒன்றரை மீட்டரைத் தாண்டி வருகிறது என்றால், அன்று ஹோல்டவுன் பக்கம் குளிக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இடைவெளி நீளமாக இருந்தால் சின்ன அலையும் கரையருகே பெரிதாக எழும்.

இதே எண்கள் குகைக் கேள்விக்கும் விடை சொல்லிவிடும். அனிமல் ஃப்ளவர் குகையின் வாய்கள் கடலைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. அலை உயர்ந்தால் உள்ளே தண்ணீர் பாயும், நிர்வாகம் மூடிவிடும். கடல் அடங்கியிருந்தால் வடக்குக்குப் போங்கள். வட அலை வந்திருந்தால் தீவின் நடுவில் இருக்கும் ஹாரிசன்ஸ் குகையை எடுத்துக்கொண்டு, குளியலை கார்லைல் விரிகுடாவில் வைத்துக்கொள்ளுங்கள். அது தென்மேற்கு மூலையில் உள்வாங்கி இருப்பதால் வட அலை அங்கே வலுவிழந்தே வந்து சேரும்.

மணல்வீடு:

அஸ்தமனத்தைக் கிழக்குக் கரையில் போட்டு வைத்திருந்தது நல்லவேளையாக இப்போதே தெரிந்தது. இருவருக்கும் நன்றி. இன்னும் மூன்று கேள்விகள். வடக்குக்குப் போனால் குகையில் அம்மாவால் இறங்க முடியுமா? ஆமை பார்க்க படகு எடுக்க வேண்டுமா, கரையிலிருந்தே நீந்திப் போகலாமா? பஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தென்கரை:

அம்மாவால இறங்க முடியாதுங்க. பாறையில வெட்டின செங்குத்துப் படி, ஈரமா இருக்கும். உள்ளே தரையும் மேடுபள்ளம். ஆனா மேலேயே பாறை விளிம்புப் பக்கம் உட்கார இடமும் சாப்பாட்டுக் கடையும் இருக்கு. அம்மா மேலே காத்தாட உட்கார்ந்து அட்லாண்டிக்கைப் பார்க்கட்டும், மத்தவங்க மாறி மாறி இறங்கிட்டு வாங்க. விளிம்புல தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, காற்றும் பலமா அடிக்கும், பையன் கையைப் பிடிச்சுக்கங்க. 'அனிமல் ஃப்ளவர்'னு பேர் வந்தது அங்கே குட்டையில இருக்கிற கடல் அனிமோன்களால. பூ மாதிரி விரிஞ்சிருக்கும், விரல் நிழல் பட்டாலே சுருங்கிடும். நிறைய இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. கடல் பக்கம் திறந்த குகை வாய் வழியா நீலத் தண்ணியைப் பார்க்கிறதுதான் அங்கே விசேஷம்.

ஹாரிசன்ஸ் குகை அம்மாவுக்கு ரொம்ப வசதி. 1981லேருந்து மக்களுக்குத் திறந்திருக்கு. மின்சார டிராம்ல உட்கார வெச்சே உள்ளே கூட்டிட்டுப் போவாங்க, கீழே போக லிஃப்ட் இருக்கு. சுண்ணாம்புக் கல்லுல தண்ணி சொட்டிச் சொட்டி மேலிருந்து தொங்குறதும் கீழிருந்து வளர்றதும் பல இடத்துல ஒண்ணு சேர்ந்து தூணாவே ஆயிருக்கு. தலையில சொட்டும், போனையும் கேமராவையும் பிளாஸ்டிக் பையில போட்டுக்கங்க. நேரம் குறிச்ச டிக்கெட், முன்கூட்டியே வாங்கிடணும். சுற்றுலாக் கப்பல் வந்து நிக்கிற நாள்ல போய் நின்னா மதியம் வரைக்கும் இடம் கிடைக்காது. துறைமுகத்துக்கு அன்னைக்கு எத்தனை கப்பல் வருதுன்னு இணையத்துல பார்க்கலாம்.

வடக்கு வழின்னா பாத்ஷீபாவிலிருந்து பெல்பிளேன், மார்கன் லூயிஸ் காற்றாலை வழியா மேலே ஏறி செர்ரி ட்ரீ ஹில்ல நிறுத்துங்க. செர்ரி மரம் ஒண்ணும் இருக்காது, ரெண்டு பக்கமும் மஹாகனி. காரை விட்டு நாலு அடி வெச்சாலே கிழக்குக் கரை முழுசும் காலடியில தெரியும், அம்மாவுக்கு நாள்லயே நல்ல இடம் இதுதான். கீழே மடிப்பு மடிப்பா சரிஞ்சு கிடக்கிறது ஸ்காட்லாந்து மாவட்டம். தீவோட பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புக் கல்லு மூடினது. அந்த மூடி இங்கே மட்டும் அரிச்சுப் போய் அடியில இருக்கிற பழைய மண்ணும் களியும் வெளியே வந்திருக்கு. நிலம் சரியறதும் ரோடு உடையறதும் அதனாலதான். மழை பெஞ்ச மறுநாள்னா மெதுவா ஓட்டுங்க. பக்கத்துலயே செயின்ட் நிக்கலஸ் ஆபி, 1658ல கட்டின கரும்புத் தோட்ட மாளிகை. பேர்ல ஆபின்னு இருந்தாலும் அது மடாலயமா இருந்ததே இல்லை. நேரம் இருந்தா மட்டும் போங்க.

கார் விஷயம்: இடது பக்கம் ஓட்டணும். உள்ளூர்ப் பார்வையாளர் உரிமம் ஒண்ணு வேணும், வண்டி கொடுக்கிறவங்களே கட்டணம் வாங்கிட்டுத் தந்துடுவாங்க, உங்க சொந்த உரிமத்தைக் கையில வெச்சிருங்க. வாடகை வண்டி நம்பர் பிளேட் 'எச்' எழுத்துல ஆரம்பிக்கும், வெளியூர்க்காரர்னு பார்த்ததும் வழி விடுவாங்க. ரவுண்டானா நிறைய, உள்ளே சுத்தறவங்களுக்கு, அதாவது உங்க வலது பக்கம் வர்றவங்களுக்கு வழி விடணும். போன் வரைபடம் சில சமயம் ரெண்டு நிமிஷம் மிச்சம்னு கரும்புக் காட்டு மண்பாதையில இறக்கிவிடும். தார் ரோடு முடியிற இடத்துல திரும்பிடுங்க. பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிக்குது, எந்த பங்க்கிலயும் ஒரே விலை. தேடி அலைய வேண்டாம், வடக்கே போறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க.

கரும்புவயல்:

பஸ் பற்றி நான் சொல்கிறேன். ஒரு இடம் மட்டும் போய் வருவதற்கு பஸ் அருமை. ஒரே நாளில் தீவைச் சுற்ற பஸ் சரிவராது, வழித்தடங்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ்டவுனில் போய்ச் சேருகின்றன, கிழக்கிலிருந்து வடக்கே போக ஊருக்குத் திரும்பி வந்து மாற வேண்டியிருக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

இருந்தாலும் ஒரு நாள் மாலையில் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். மஞ்சள் பட்டை போட்ட நீல பஸ் அரசுடையது. நீலப் பட்டை போட்ட மஞ்சள் மினி பஸ்ஸும், கருஞ்சிவப்புப் பட்டை போட்ட வெள்ளை வேனும் தனியார். எதில் ஏறினாலும் எவ்வளவு தூரம் போனாலும் 3.50 பார்படாஸ் டாலர். அரசு பஸ்ஸில் மீதி தர மாட்டார்கள், சரியான சில்லறையாகக் கொடுக்க வேண்டும். நிறுத்தத்துப் பலகையில் 'ஊருக்கு', 'ஊரிலிருந்து வெளியே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஊர் என்றால் பிரிட்ஜ்டவுன். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு அதுவே போதும். கை காட்டினால்தான் நிற்கும்.

பணம்: 2 பார்படாஸ் டாலர் 1 அமெரிக்க டாலர், 1975 முதல் இதே விகிதம். அமெரிக்க நோட்டை வாங்கிக்கொள்வார்கள், மீதி உள்ளூர்க் காசில் வரும். விலைப் பலகையில் வெறும் டாலர் குறி மட்டும் இருந்தால் எந்த டாலர் என்று கேட்டுவிடுங்கள். கடை, பஸ் இவற்றில் உள்ளூர் டாலர்தான், படகுச் சவாரி, டாக்ஸிக்காரர்கள் பல சமயம் அமெரிக்க டாலரில் சொல்வார்கள். கேட்காமல் ஏறினால் நினைத்ததற்கு இரட்டிப்பாகிவிடும்.

இன்னொன்று, பெட்டி கட்டும்போதே பார்க்க வேண்டியது: ராணுவப் புள்ளி (கேமஃப்ளாஜ்) போட்ட சட்டை, தொப்பி, பை எதுவும் கொண்டு போகாதீர்கள். பார்படாஸில் ராணுவத்தினர் தவிர யாரும் அதை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை. பத்து வயதுப் பையன் துணிகளில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

அம்மா சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றால் 'ரைஸ் அண்ட் பீஸ்' என்று தரும் பயறுச் சோற்றை விசாரிக்காமல் வாங்காதீர்கள், உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கம். 'மாக்கரோனி பை' என்ற சுட்டெடுத்த மாக்கரோனி, பிரெட்ஃப்ரூட் (சீமைப்பலா), உருளைக்கிழங்கு ரொட்டி கிடைக்கும். மாக்கரோனி பையில் சீஸோடு முட்டையும் சேர்ப்பதுண்டு. கூகூ என்பது சோளமாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிளறிய களி, களி சைவம்தான், ஆனால் மேலே மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள். குழம்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மஞ்சள் நிற மிளகாய்ச் சாஸைக் கடுகு என்று நினைத்துத் தாராளமாக ஊற்ற வேண்டாம், அதில் கடுகோடு ஸ்காட்ச் பானட் மிளகாயும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பவளப் பாறை வழியாக இறங்கி வடிகட்டப்பட்ட நிலத்தடி நீர் அது. பாட்டில் வாங்கத் தேவையில்லை.

நீரோட்டம்:

ஆமைக்கு வருகிறேன். கார்லைல் விரிகுடாவில் படகு கட்டாயமில்லை. மணலிலிருந்தே நீந்திப் போகலாம், மூழ்கிக் கிடக்கும் கப்பல்களில் சில கரையருகே ஆழம் குறைந்த நீரில் இருக்கின்றன. 1919இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைப் படகு மேலே மிதந்தபடியே தெளிவாகத் தெரியும். அதன் மேல் பவளமும் பஞ்சுயிரிகளும் படர்ந்து, சுற்றி மீன் கூட்டமாக நிற்கும். ஆனால் விரிகுடாவில் விசைப்படகுகளும் ஜெட் ஸ்கீகளும் ஓடும். நீந்துபவர்களுக்கான மிதவைக் கோட்டைத் தாண்டக் கூடாது. குளத்தில் பழகிய பையனைக் கரையிலிருந்து கூட்டிப் போவதைவிட, வழிகாட்டியோடு சிறு படகில் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கடலில் அவனுக்கு மிதவைச் சட்டை அவசியம். அதைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாலே எல்லாம் தெரியும்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: ஆமைக்குத் தீனி போடுவீர்களா? போடுவோம் என்றால் வேறு படகு பாருங்கள். மீன் துண்டுக்குப் பழகிய ஆமை மனிதர்களைத் தேடி வரும், நீட்டிய விரலையும் மீன் என்று கவ்வும். ஆமைத் தாடை கூர்மையானது. படகுகளுக்கு நடுவிலேயே சுற்றிக்கொண்டிருப்பதால் விசிறியில் அடிபடுவதும் உண்டு. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அசையாமல் மிதந்தால் போதும், அது மூச்செடுக்க உங்கள் பக்கத்திலேயே மேலே வரும். அப்போது குறுக்கே போகாதீர்கள், தொடவும் வேண்டாம். சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது நல்லது, குப்புற மிதக்கும்போது முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும்.

தண்ணீருக்குள் பார்க்கப் போடும் முகமூடி பொருந்துகிறதா என்பதைக் கரையிலேயே பாருங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது சரியான அளவு. விளிம்புக்கு அடியில் ஒரு கொத்து முடி சிக்கினாலே தண்ணீர் கசியும். கசிகிறதே என்று பட்டையை இறுக்கினால் இன்னும் கசியும், ரப்பர் விளிம்பு வளைந்துவிடும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி ஒரு முறை அலசினால் போதும்.

கடைசியாக மரம். மேற்குக் கரைப் பகுதிகளில் மணலை ஒட்டி மான்சினீல் என்ற மரம் நிற்கும். பளபளக்கும் இலை, நடுநரம்பு மஞ்சள், சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய், அதிலிருந்து பழ வாசனையும் வரும். காய், இலை, பட்டை எல்லாவற்றிலும் வெள்ளைப் பால், தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். காயைக் கடித்தால் தொண்டை வீங்கிவிடும். பெரும்பாலும் தண்டில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது. மழைக்கு இதன் அடியில் ஒதுங்குவதுதான் பெரிய ஆபத்து. இலையிலிருந்து வழியும் நீரிலேயே பால் கரைந்து வரும். பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். மணல் அரிப்பைத் தடுப்பதால் இவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

மணல்வீடு:

பையனின் பையில் ராணுவப் புள்ளித் தொப்பி இருந்தது, எடுத்துவிட்டேன். அம்மா சைவம்தான். கடல் அடங்கியிருந்தால் இப்படி வைத்திருக்கிறேன்: 8:30 புறப்பாடு, 9:30 பாத்ஷீபா, 11:30 செர்ரி ட்ரீ ஹில், 12:30 வடமுனையில் குகையும் சாப்பாடும், 3 மணிக்கு ஹோல்டவுன் பக்கம் குளியல், அஸ்தமனம் அங்கேயே. ஆமையை எங்கே சொருகுவது?

தென்கரை:

ஹோல்டவுனுக்குத் தெற்கே பேய்ன்ஸ் பேயிலயே ஆமை வரும், அதனால கார்லைலுக்குன்னு தனியா ஓட வேண்டாம். ஆனா 3 மணிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல்ல ஆமை, அப்புறம் விளையாட்டு. வெயில் சாஞ்சா தண்ணிக்குள்ள வெளிச்சம் குறைஞ்சு ஒண்ணும் தெரியாது. கடற்கரை எல்லாமே பொதுச் சொத்துதான், ஹோட்டல் முன்னாடி இருக்கிற மணல்லயும் உட்காரலாம். ரோட்டிலிருந்து இறங்க வீடுகளுக்கு நடுவுல சந்து மாதிரி பொது வழி இருக்கும். அம்மாவுக்குப் படி இல்லாத வழியா பார்த்து இறக்குங்க.

8:30க்குப் பதிலா 7 மணிக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. வார நாள்ல ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் தென்கரை ரோடும் நெடுஞ்சாலை ரவுண்டானாவும் நகராது. சீக்கிரம் போனா கிடைக்கிற ஒண்ணரை மணி நேரத்தை பாத்ஷீபா குட்டையில பையனுக்குக் கொடுங்க. அன்னைக்கு நீர் வத்தற நேரம் மதியம்னா மட்டும் இந்த வரிசையைத் திருப்பிட்டு, வடமுனையை முதல்ல முடிச்சு பாத்ஷீபாவுக்கு இறங்கி வாங்க. அங்கிருந்து ஹோல்டவுனுக்குத் தீவைக் குறுக்கே வெட்டிப் போக முக்கால் மணி நேரம் ஆகும், 2 மணிக்குக் கிளம்பினா வெளிச்சத்தோட போய்ச் சேர்ந்துடலாம்.